கரண்டி தொடாத மூணு நாள்

வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே கறாராச் சொல்லிட்டேன். இந்த மூணு நாளும் நான் கரண்டியைத் தொட மாட்டேன். கட்டுச்சோறு கிடையாது, பிளாஸ்க்ல டீ கிடையாது, வழியில கொறிக்க ஒரு பொட்டலம்கூடக் கிடையாது. யாரோ சமைச்சு, சுடச்சுடத் தட்டுல போட்டு, என் முன்னாடி கொண்டாந்து வெக்கணும். நான் உக்காந்து சாப்பிடணும். கடலைப் பாக்கணும்னு எனக்கு ஒரு ஆசையும் இல்லை, இதுக்குத்தான் கூட வந்தேன்.

நான் ஒரு காலேஜ் விடுதியில தலைமைச் சமையல்காரி. அங்க பொழுதுக்கும் நூத்துக்கணக்கான பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பைப் பத்த வெப்பேன். என் கைச் சோத்தைத் தின்னு தின்னு என் நாக்கு செத்தே போச்சு. விருந்துன்னு யார் வீட்டுக்காவது போனாலும், உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்னு என்னைச் சமையக்கட்டுக்குள்ள இழுத்துடுவாங்க. அப்புறம் எங்க வெளிய வர்றது?

சரி சரின்னு தலையாட்டினாரு வீட்டுக்காரர். அப்பவே நான் உஷாராகியிருக்கணும். அவர் சுகாதார ஆய்வாளர். ஓட்டல் சமையலறைங்களைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறதுக்குத்தான் அவருக்குச் சம்பளம். எங்க விடுதிக்கும் அப்படிச் சோதனைக்கு வந்தவர்தான். மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பாத்து ஒரு குத்தமும் கிடைக்காம, கடைசியில என்னையே பொண்ணு கேட்டாரு. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டது நான். யாரை நொந்துக்க?

முன்சீட்ல அவரும், அவரோட அக்கா என் நாத்தனாரும். பின்சீட்ல நானும் என் மகளும்.

முதல் ஓட்டல்ல வெங்காயம் வதங்குற வாசனை வாசலுக்கே வந்துச்சு. நான் நல்ல இடமாப் பாத்து, ஃபேனுக்கு நேரா உக்காந்துட்டேன். கை கழுவிட்டு வரேன்னு இவர் பின்பக்கமாப் போனாரு. எங்க வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்தப்ப முகம் தொங்கிப்போயிருந்தது. ஃபிரிட்ஜ்ல பச்சைக் கறி மேல் தட்டுல இருக்காம், சமைச்சது கீழ இருக்காம், சொட்டுதாம். எழுந்திரிங்கன்னாரு. எழுந்தோம்.

அடுத்த இடத்துல சமையல்காரர் விரல்ல கட்டுப் போடாத காயம். அதுக்கு அடுத்ததுல மேசை துடைக்கிற துணியும் தட்டு துடைக்கிற துணியும் ஒண்ணு. அவர் பொய் சொல்லலை, எல்லாம் உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்புது. சண்டை போடக்கூட வழியில்லாமப் பண்ணிடுவாரு மனுஷன். உள்ள போகாம, பாக்காமச் சாப்பிடலாமேன்னு கெஞ்சிக்கூடப் பாத்தேன். தெரிஞ்சுக்கிட்டே எப்படின்னாரு. கொக்குக்கு ஒண்ணே மதி.

"தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு முன்சீட்லேர்ந்து நாத்தனார் ஒத்து ஊதினாங்க. ஊதுவாங்க, ஏன் ஊத மாட்டாங்க? அவங்க கைப்பையில பிஸ்கட் இருந்தது. வாய் அசையுறதை நான் கண்ணாடியில பாத்துட்டேன். மகளுக்கு ரெண்டு கொடுத்தாங்க. என் பக்கம் நீட்டலை.

மத்தியானம் தாண்டிப்போச்சு. ரோட்டுல கடைங்களும் குறைஞ்சுபோச்சு. ஒருவழியா ஒரு சின்ன ஓட்டல் வந்துச்சு, கல்லாவுல ஒரு பொண்ணு மட்டும் உக்காந்திருந்தா. இவர் வழக்கம்போல உள்ள போனாரு. நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. எதுக்கு இறங்கி ஏறணும்?

ஆனா இந்தத் தடவை முகமெல்லாம் பல்லா வந்தாரு. பாத்திரமெல்லாம் கவுத்து வெச்சிருக்காங்களாம், குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்காம், தரையில ஒரு ஈ இல்லையாம். இந்த மாதிரி ஒரு கிச்சனை அவர் பாத்தே வருஷமாச்சாம். புத்தி கெட்டவ, நானும் சந்தோஷப்பட்டேன். ஓடிப்போய் உக்காந்து தண்ணியெல்லாம் குடிச்சேன்.

அப்புறம்தான் அந்தப் பொண்ணு சங்கடத்தோட வந்து விஷயத்தைச் சொன்னா. சமையல்காரருக்குக் காய்ச்சல், காலையிலேயே வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னைக்கு உலையே வெக்கலை. அவளுக்குக் கல்லாவைத் தவிர ஒண்ணும் தெரியாது. கிச்சன் ஏன் அவ்வளவு சுத்தமா இருந்ததுன்னு எனக்கு இப்பப் புரிஞ்சது. எழுந்திரிக்கப் போனேன்.

"அதனால என்னங்க? என் வீட்டுக்காரி சமைப்பா. சாமான்தான் எல்லாம் இருக்கே"ன்னாரு இவர்.

கேட்டவுடனே எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறிச்சு. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் இவர் வாயாலேயே கெடுத்தாரு. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், மகள் மேசையில தலையைச் சாய்ச்சுட்டா. இதைத் தாண்டினா அடுத்த கடை எங்கேயோ. பெத்தவளுக்கு ரோஷம் ஒரு கேடா? முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு உள்ள போனேன்.

சோறு வடிச்சேன், பருப்பு கடைஞ்சேன், வெங்காயம் போட்டு முட்டையைக் கிளறினேன். அழுகை அழுகையா வந்துச்சு. அடுப்பைப் பாத்து அவரைத் திட்டிக்கிட்டே கிளறினேன். அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போய்ப் பரிமாறினா. நாத்தனார் ரெண்டாவது தடவை சோறு கேட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. இவர் வாய் நிறையச் சோத்தோட அந்தப் பொண்ணுகிட்டப் பெருமை அடிச்சுக்கிட்டிருந்தாரு. இவ கைப்பக்குவத்துக்குப் பழகிட்டேனா, வெளியில எங்கேயுமே மனசு ஒப்ப மாட்டேங்குதுங்கன்னு. மிச்சப் பருப்பை அப்படியே அவர் தலையில கொட்டலாம் போல இருந்துச்சு.

"அக்கா, உங்களுக்கும் போடட்டுமா?"ன்னு வந்தா அந்தப் பொண்ணு.

வேண்டாம்மா, அது நான் சமைச்சதுன்னேன். அவளுக்குப் புரியலை. அப்புறம் விடுதி, கரண்டி, மூணு நாள் எல்லாத்தையும் அவகிட்டக் கொட்டினேன். கேட்டுட்டு அவ அலமாரியைத் திறந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தா.

"என் வீட்டுக்காரர் காலையில கட்டிக்கொடுத்ததுக்கா. ஆறிப்போச்சு. நான் உங்க சமையலைச் சாப்பிட்டுக்குறேன், நீங்க இதைச் சாப்பிடுறீங்களா?"

அவளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டா, தட்டைக் கழுவி அதுல புளிக்குழம்புச் சோத்துல பாதியைக் கொட்டினா, பக்கத்துல தண்ணி வெச்சா. நான் உக்காந்தேன்.

முதல் கவளத்தை எடுக்குறேன், வாசல்ல இவர். கண்ணு நேரா டிபன் பாக்ஸுக்குப் போச்சு. எப்பக் கட்டினது, காலையிலயா, வெளியிலேயேவா இருந்துச்சுன்னு அடுக்கிக்கிட்டே மோந்து பாக்கக் கையை நீட்டினாரு.

"தொடாதீங்க. இதை நான் சாப்பிடப் போறேன். நீங்க வெளிய போங்க"ன்னேன்.

குரலை உசத்தலை. ஆனா கல்யாணமான நாள்லேர்ந்து அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. நீட்டின கை அப்படியே நின்னுச்சு. சாப்புடுற நேரம் சார், கொஞ்சம் வெளிய இருங்கன்னு அந்தப் பொண்ணு மரியாதையாச் சொல்லிக் கதவைச் சாத்தினா.

சோறு சில்லுன்னு இருந்தது. புளி தூக்கல், உப்பு கம்மி, குழம்பு லேசா அடிப்பிடிச்ச வாடை. எனக்கா தெரியாது? எல்லாம் தெரிஞ்சது.

"நல்லாயிருக்காக்கா?"

பதில் சொல்ல வாய் காலியா இல்லை. தட்டை நீட்டினேன். இன்னும் ஒரு கரண்டி போட்டா.