மூன்று ஊர்ப் பேருந்து

மூன்று ஊர்களும் கைகோத்து ஒரு தொழிற்பயிற்சித் திட்டம் கொண்டுவந்தன. ஓர் ஊருக்குப் பயிற்சிக்கூடம், இன்னொன்றுக்குத் தொழிற்சாலை. மூன்றாவது ஊருக்கு வெறும் பேருந்துதான். அதுகூட, அதை ஓட்டப்போகிற ஓட்டுநர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டு வாங்கியது.

"பிள்ளைங்களுக்கு வேலை குடுங்க, வேணாங்கல. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

தாயில்லாத மகளை வளர்த்தவர் வேறென்ன கேட்பார்?

முதலில் வண்டியில் நிற்க இடமில்லை. பிறகு தொழிற்சாலை தன் பக்கத்திலேயே குடியிருப்பு கட்டியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். கடைசியில், அவ்வளவு பெரிய வண்டியில் மகள் மட்டும் அப்பாவுக்குப் பின் இருக்கையில் தூங்கி வழிந்துகொண்டு வந்தாள். ஊர் எல்லையில் சாலை மேடு ஒன்று உண்டு. அவள் தலை ஜன்னலில் மோதக்கூடாதென்று அங்கே வண்டியை நடக்கவிடுவார். "மகாராணி எழுந்திருங்க" என்று கேலி பேசுவார். உள்ளுக்குள் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது தொழிற்சாலை வாசலில். மகளின் சூப்பர்வைசர் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"உங்க பொண்ணுக்கு ரெண்டு தடவை பெரிய வேலை குடுத்தோம். இங்கயே தங்கணும். மாட்டேங்கிறா. அவ ஏறலேன்னா பஸ்ஸ நிறுத்திடுவாங்களாம், உங்க வேலை போயிடுமாம். இன்னொரு தடவை கேக்க மாட்டாங்கண்ணே."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொன்னவன் இவளைப் பார்த்ததில்லை. ஓட்டுநருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை வீட்டுக்குக் கொண்டுவரக் கேட்டு வாங்கிய வண்டியே அவள் காலைக் கட்டியிருக்கிறது.

அன்று திரும்பும்போது சொன்னார்: "ஸ்கூல் வேன் ஓட்டக் கூப்பிடறாங்கம்மா. இத விட்டுடலாம்னு இருக்கேன்."

"எந்த ஸ்கூல்ப்பா?"

பொய்க்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அவருக்கு ஒரு பேர்கூட வரவில்லை. "புதுசா ஆரம்பிக்கிறாங்க."

கண்ணாடியில் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப சரிப்பா" என்றாள் கடைசியில். நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா என்று அவர் கிளறவில்லை.

அந்த வாரமே அவள் பெட்டியைக் குடியிருப்பு வாசலில் இறக்கிவைத்தார். "நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா" என்றாள். தலையாட்டினார். திட்டம் பெரிய வெற்றி என்று மூன்று ஊரும் பேசிக்கொண்டன. பொய்யில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைத்துவிட்டது.

வெறும் வண்டியோடு திரும்பினார். ஊர் எல்லையில் மேடு வந்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். அதற்குப் பிறகுதான் அழுதார்.