ஸ்ரீராம்புரம் வரை நீண்ட விரல்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுங்கள். சென்ற சட்டமன்றத் தேர்தலன்று காலை எட்டு மணிக்கு, பெங்களூரில் ஒரு மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில், சொர்ணத்தின் இடது ஆள்காட்டி விரல் வளரத் தொடங்கியது.

சொர்ணம் மாநகராட்சியில் தெருப் பெருக்கியவள். மருத்துவமனை வார்டுக்கு வந்து பதினான்கு வருடம், நோய் தணிந்து எட்டு வருடம். அழைத்துப்போக வேண்டிய தம்பி போன் நம்பரை மாற்றிக்கொண்டான். ஓட்டு மட்டும் அவள் முன்பு குடியிருந்த ஸ்ரீராம்புரத்தில் அப்படியே இருந்தது. போட்டே தீருவேன் என்று ஒரு வாரமாக நர்ஸ் சுனிதாவைப் பிடுங்கி எடுத்தாள்.

“பைத்தியத்துக்கு ஏது ஓட்டு, சொர்ணக்கா?”

“எந்தக் கோர்ட்டு என்னைப் பைத்தியம்னுச்சு? பேப்பரைக் காட்டு தாயீ.”

பேப்பர் இல்லை. ஓட்டைப் பறிக்கச் சட்டம் கேட்பதோ அந்தப் பேப்பரைத்தான். கண்காணிப்பாளர் சேஷகிரி கோப்பைப் புரட்டிவிட்டு, ஓட்டு உண்டு, ஆனால் ஆளை வாசலுக்கு வெளியே விட விதி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். விரலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

விரல் ஜன்னல் கம்பி வழியாக இறங்கி, மதில் ஏறி, சாலைக்கு வந்தது. நுனியில் வாக்காளர் அட்டை, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. இருபது வருடம் அவள் பெருக்கிய தெருக்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை. சிவப்பு விளக்குக்கு நின்றது, ஆட்டோக்கள் நிற்கவில்லை. மெஜஸ்டிக் பஸ் நிலைய நெரிசலில் அரை மணி தாமதம், அது எல்லோருக்கும் ஆவதுதான். ஸ்ரீராம்புரம் பள்ளிக்கூடத்து வரிசையில் பதினோராவதாக நின்றது.

கட்சி ஏஜென்ட் டென்சில் குதித்தார். “மேடம், விரல் மட்டும் வந்திருக்கு! ஆளு எங்கே? பைத்தியம் போடுற ஓட்டு செல்லுமா?”

வாக்குச்சாவடி அதிகாரியான ருக்கு மேடம் தேர்தல் கையேட்டை இரண்டு முறை படித்தார். “மை வைக்கிறது விரலுக்குத்தான். உங்க கட்சிக்குப் போடுறவங்க புத்தியை நான் என்னிக்காவது சோதிச்சேனா? உக்காருங்க.”

மை வைத்தார். விரல் பட்டனை அழுத்தியது. எந்தப் பட்டன் என்று சொர்ணம் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்து வந்த பார்லிமென்ட் தேர்தலில் அந்தப் பெண்கள் வார்டின் நாற்பத்தோரு பேர் விரல்களும் அவரவர் தெருக்களுக்குக் கிளம்பின. ஜெயில் பக்கத்திலிருந்தும் சில வந்து சேர்ந்துகொண்டன, இன்னும் தீர்ப்பே ஆகாதவர்களுடையவை. போலீஸ் சாலையோரம் கயிறு கட்டி வழி ஒதுக்கியது. ஜனங்கள் மிதிக்காமல் தாண்டிப் பழகிவிட்டார்கள். பால்காரர் மட்டும் மணியடித்தார்.

அந்தத் தேர்தலுக்கு மறுநாள் வார்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தோரு பேர். எவர் விரலிலும் மை இல்லை. பட்டியலிலிருந்து என் பெயரை நீங்கள் அடித்துவிடலாம்.