மஞ்சள் மாத்திரையும் மீன் கத்தியும்

மாடி விருந்தாளி பச்சை மீன் தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டார். மீனில் பூண்டு நாற்றம் அடிக்கிறதாம். அந்த வெந்நீரூற்று விடுதியில் பூண்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. பணிப்பெண்கள் தலைக்கு வாசனை எண்ணெய்கூட வைக்கக் கூடாது.

மூத்த பணிப்பெண் கிகுயேவுக்கு உடனே விளங்கிவிட்டது. மரத்துப்போகும் கால்களுக்காக அவள் தினமும் விழுங்கும் மஞ்சள் மாத்திரையின் வேலை அது. தயமின் என்ற வைட்டமினில் ஒரு வகை, பூண்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். மேலே பூசிய சர்க்கரைதான் நாற்றத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கும். தொண்டையில் சிக்குகிறதே என்று இன்று கைக்கு அகப்பட்ட கத்தியால் அதை இரண்டாக நறுக்கினாள். அகப்பட்டது மீன் கத்தி. துடைத்து வைத்தாள், கழுவவில்லை.

சின்ன முதலாளியம்மா ரெய்கோ அடுப்படிக்கு வந்தாள். மாமியாரிடமிருந்து விடுதி கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"கிகுயே அக்கா, நாளையிலேர்ந்து கீழ பாத்திரம் கழுவுங்களேன். காலுக்கும் ஓய்வு."

"கத்தி விஷயம் என் தப்புதான். நானே மேல போயி மன்னிப்பு கேக்கறேன். பாத்திரத் தொட்டிக்கிட்ட போக மாட்டேன்."

"போன வாரம் படியில தடுமாறினீங்களே."

"தடுமாறினேன். தட்டு விழுந்துச்சா?"

"மாத்திரை முழுங்கி யாருக்கு வயசு குறைஞ்சிருக்கு?"

"வயசு குறையவா முழுங்கறேன்? படி ஏற முழுங்கறேன்."

தொட்டிக்கு இறங்கியவர்கள் யாரும் மறுபடி மாடி ஏறியதில்லை. கிகுயேவுக்குக் கோபம் பொங்கியது, தன் கால்கள் மேலும்தான். மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதற்காக இவள் யார் கேட்க?

மீனும் சூப்பும் வைத்த புதுத் தட்டோடு மாடி ஏறினாள். பின்னாலேயே ரெய்கோ வந்தாள். கிகுயே அறை வாசலில் தட்டை வைத்து மண்டியிட்டு, கதவை நகர்த்தி, நெற்றி பாயில் படக் குனிந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

உள்ளே இருந்த கிழவர் சிரித்துவிட்டார். "நானும் அந்த மாத்திரைதாம்மா. அதான் மூக்கு கண்டுபிடிச்சிடுச்சு. முழுசா முழுங்கணும்."

"இனிமே முழுசாத்தான்."

இனி எழுந்து உள்ளே போக வேண்டும். மடித்த கால்கள் இரண்டும் மரத்துக் கிடந்தன. கைக்கெட்டும் தூரத்தில் தூண் இருந்தது. ரெய்கோ சத்தமில்லாமல் கையை நீட்டினாள். கிகுயே அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் இரு கைகளாலும் தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

ஒரு முழங்கால் மெல்லப் பாயைவிட்டு எழுந்தது. தட்டிலிருந்த சூப்பில் அலை இல்லை.