துண்டிப்பதற்கான காரணம்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. பேசிப் பேசியே சம்பளம் வாங்கும் வேலை கிடைத்தபோது அம்மா ஆச்சரியப்படவே இல்லை. இத்தனை வருஷம் நான் சும்மா கேட்டதை இனிமேல் ஒரு கம்பெனி காசு கொடுத்துக் கேட்கப் போகிறது, அவ்வளவுதானே என்றாள்.

வேலை ஓர் இன்டர்நெட் கம்பெனியில். ‘எனக்கு நெட் வேண்டாம், துண்டித்துவிடுங்கள்’ என்று போன் செய்பவர்களைப் பேசிச் சமாளித்து நிறுத்திவைக்க வேண்டும். கம்பெனி அதற்குத் ‘தக்கவைப்புப் பிரிவு’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ‘காலைப்பிடி டேபிள்’ என்றார்கள்.

காலைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருந்தது. மொத்தம் மூன்று படி. முதல் படியில், விலையைத் தொடாமல் வேகத்தை இரண்டு மடங்காக்கித் தருவார்கள். கேட்பவருக்கு மனசு குளிர்ந்துவிடும். உண்மையில் வயர் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து கிடக்கிறது. கம்ப்யூட்டரில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது, கம்பெனிக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்கும் லாபம் இல்லை. குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் அவர் பிடிக்கப்போவது அதே ஒரு சொம்பு தண்ணீர்தான். முக்கால்வாசிப் பேர் இந்தப் படியிலேயே மயங்கி நின்றுவிடுவார்கள். மசியாதவர்களுக்கு இரண்டாவது படி: ஆறு மாதத்துக்குத் தள்ளுபடி. ஏழாவது மாதம் பழைய விலை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவதுதான் நிஜமான சலுகை. விளம்பரம் எதிலும் இல்லாத ஒரு சின்ன பிளான், வேகம் குறைவு, விலை பாதி. இன்ன தேதியோடு துண்டித்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர் தன் வாயால் சொன்ன பிறகுதான் அது திரையில் பச்சை நிறத்தில் முளைக்கும். அதுவரை அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

அந்தக் கையெழுத்தால் வீட்டில் ஒரே ரகளை. அம்மா பொத்தான் கடை வைத்திருந்தாள். பொத்தான், ஜிப், நூல்கண்டு என்று ஊரிலுள்ள தையல்காரர்களுக்கெல்லாம் விற்பவள். அவளோடு பேரம் பேச வரும் மொத்த வியாபாரிகள் வாசலிலேயே ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அப்பேர்ப்பட்டவள் மாதாமாதம் நெட்டுக்கு முழு விலை கட்டினாள். சொந்த மகள் அதே கம்பெனியில் இருந்துகொண்டு ஒரு பைசா குறைக்க முடியாது என்றால், நீ அங்கே என்னதான் கிழிக்கிறாய் என்பது அவள் கேள்வி. சொந்தக்காரர் கணக்கை நாங்கள் தொடக்கூடாது என்று வாயாடி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை வாயாடி இன்னும் சொல்லவே இல்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை குடிபோக வேண்டும். அண்ணன் கல்யாணமாகித் தனியாகப் போன பிறகு வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டே பேர். இவளும் போனால் அம்மா தனி. தினமும் முன்பின் தெரியாத பேரையெல்லாம் ‘போகாதீங்க’ என்று சமாதானப்படுத்துகிறவளுக்கு, ‘அம்மா, நான் போறேன்’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லாமல் போனாலோ, அம்மா அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியம் அடுத்த அழைப்பு வந்து விழுந்தது. திரையில் அம்மா பெயர். கீழே சொந்த வீட்டு விலாசம்.

சொந்தக்காரர் என்றால் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து வேறு சீட்டுக்கு மாற்றிவிடுவார். வாயாடி கையைத் தூக்கினாள். சூப்பர்வைசர் ஹாலின் அந்தக் கோடியில் காப்பி மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அழைப்பில் மௌனமாக இருக்கவும் முடியாது. எல்லாம் பதிவாகிறது. அதனால் வணக்கம் சொல்லி, எல்லாரிடமும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டுவைத்தாள்.

“இணைப்பைத் துண்டிக்க என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?”

அம்மா அந்த நொடியே கண்டுபிடித்துவிட்டாள். பெற்ற மகளின் குரல் தெரியாதா என்ன.

“மேடமா?” என்றாள் அம்மா. “சரி, அப்படியே பேசுவோம். காரணம் இருக்கு மேடம். வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். நெட்டு முழுக்கப் பாக்குறது என் பொண்ணு. அவ ஞாயித்துக்கிழமை தனியா ரூம் எடுத்துட்டுப் போறா. அப்புறம் எனக்கெதுக்கு இவ்ளோ நெட்டு?”

காரணத்தைக் குறிக்கத் திரையில் ஒரு கட்டம் உண்டு. ‘வீட்டில் ஒருவர் வெளியேறுகிறார்’ என்பது அதில் நான்காவது வரி. அதை அவள் எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் தட்டியிருக்கிறாள். இன்றைக்கு விரல் மௌஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

“உங்க பொண்ணு உங்ககிட்ட சொன்னாங்களா மேடம்?”

“அவ எங்க சொன்னா? அந்த ரூமோட வீட்டுக்காரம்மா, இவ எழுதிக் குடுத்த வீட்டு நம்பருக்கு போன் போட்டு, பொண்ணு எப்படின்னு விசாரிச்சாங்க. தங்கமான பொண்ணு, ஈரத்துண்டை மட்டும் கட்டில் மேல போடுவான்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து பாக்குறேன், தட்டுக்கு முன்னாடி உக்காந்து வாயைத் திறக்குறா. சாப்பாடு உள்ள போகுது, பேச்சு வெளிய வரல.”

வாயாடி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நீங்க தனியா ஆயிடுவீங்களேன்னு பயந்திருப்பாங்க மேடம்.”

“தனியா இருக்க எனக்கென்ன பயம்? ஊருக்கெல்லாம் பேசுறவளுக்கு, எனக்குச் சொல்ல நாலு வார்த்தை கிடைக்கலையேன்னுதான் இருக்கு.”

சூப்பர்வைசர் காப்பியோடு வந்து சேர்ந்தார். அழைப்பை நிறுத்திவைத்து, இது என் அம்மா என்று வாயாடி சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறெதுவும் கேட்காமல் அழைப்பைப் பக்கத்து சீட்டுக்குத் தள்ளினார். அங்கே இருந்தவன் சோடாபுட்டி. கண்ணாடி தடிமனே தவிர வேலையில் கெட்டிக்காரன். அந்த மாதம் அதிகம் பேரைப் பிடித்துவைத்தவன் அவன்தான்.

முதல் படியை அவன் எடுத்துவிட்டதும் அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். இல்ல மேடம், ஆள் குறைஞ்சா வேகம் எதுக்குன்னு கேக்குறது நியாயம்தான் மேடம் என்று இவனே ஒத்துக்கொண்டான். இரண்டாவது படியில், தள்ளுபடி முடிந்த மாதத்திலிருந்து என்ன விலை என்று அம்மா கேட்டாள் போலிருக்கிறது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கடைசியில் வேறு வழியில்லாமல், எந்தத் தேதியோடு நிறுத்தணும் மேடம் என்று கேட்டான்.

அம்மாவுக்குப் படிக்கட்டைப் பற்றியெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்று உள்ளதைச் சொன்னாள். திரையில் பச்சை முளைத்தது.

சின்ன பிளானை விளக்கிக்கொண்டே வந்தவன், ஒரு நிமிஷம் மேடம் என்று அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு வாயாடி பக்கம் திரும்பினான்.

“பாதி விலைக்கு வந்தாச்சு. ஆனா ஒரு சந்தேகம் கேக்குறாங்க. தினமும் பொண்ணு வீடியோ கால்ல வந்தா இதுல தெளிவா தெரியுமான்னு. பொண்ணு கூப்பிடுவாளான்னு தெரியாது, கூப்பிட்டா தெரியுமான்னு.”

அதற்கு அந்த வேகத்தில் கால்வாசி போதும். வாயாடிக்கு அது தூக்கத்திலும் தெரியும். “தெரியும்னு சொல்லு,” என்றாள். “கூப்பிடுவான்னும் சொல்லு.” அவன் அழைப்பை முடித்ததும் எழுந்து, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, இடைவேளை கேட்டுக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள்.

சொந்த போனில் கூப்பிட்டாள். அம்மா எடுத்தாள்.

“அம்மா, நான் ஞாயித்துக்கிழமை தனி ரூமுக்குப் போறேன்.”

“ம்.”

“முதல்லயே சொல்லியிருக்கணும். வாயே வரல.”

“இப்ப வந்துச்சில்ல,” என்றாள் அம்மா. அப்புறம் திட்டித் தீர்த்தாள். ரூம் மூன்றாவது மாடியாமே, லிப்ட் இல்லையாமே, ஜன்னல் மேற்குப் பார்த்ததாமே, மத்தியானம் வெந்து போவாயே. எல்லாவற்றையும் வீட்டுக்காரம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தாள். வாயாடி படிக்கட்டில் உட்கார்ந்து, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திட்டு ஓய்ந்ததும் அம்மாவின் குரல் கடைக்காரிக் குரலாக மாறியது. சாமான் ஏற்ற வண்டி பேசியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றாள் மகள். எவ்வளவு கேட்டான்? மகள் தொகையைச் சொன்னாள்.

அம்மா பெருமூச்சு விட்டாள்.

“அவனுக்கு போன் பண்ணி வண்டி வேண்டாம்னு சொல்லு. திரும்பக் கூப்பிடுவான். கூப்பிட்டா நீ பேசாத, என்கிட்ட குடு.”