உடைசல்

அச்சுப்பெட்டியைத் தண்ணீரில் முக்கிச் சாய்த்ததும் ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வந்து ஓரம் உடைந்தது. பாளம் இழுக்கும் கொக்கிக்காரன் உடைசலை வழக்கம்போலக் காலால் சுவரோரம் ஒதுக்கினான். உடைசல் என்றைக்கும் அவனுக்குத்தான். அதை அக்காவின் மீன்கூடையில் கொட்டி அனுப்புவான். முதலாளியும் கண்டுகொண்டதில்லை.

அக்கா வாசலில் வாடிப்போய் நின்றாள்.

"உடைசல் பத்தாததுக்கு விலைக்கு வாங்கலாம்னு மூணு ஐஸ் கம்பெனிக்கும் நடந்துட்டேன்டா. ஒரே நாள்ல விலையை ஏத்திட்டானுங்க. பேசி வச்ச மாதிரி சொல்றானுங்க."

"பேசித்தான் வச்சிருக்காங்க. நேத்து மூணு முதலாளியும் இங்கதான் டீ குடிச்சாங்க. இரு, உடைசல் கொண்டாறேன்."

வாசலில் எதிர்க் கம்பெனி மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கே யாராவது திருட்டுத்தனமாக விலையைக் குறைக்கிறார்களா என்று பார்க்க வந்தவர். இங்கிருந்தும் ஓர் ஆள் அங்கே போய் உட்கார்ந்திருந்தான். சம்பந்திகளைப் போலக் கைகுலுக்கிய பெரிய மனிதர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அத்தனை நம்பிக்கை!

உடைசல் தட்டைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்தார். "சும்மாவா போகுது?"

"எங்க அக்காங்க."

"இன்னைக்கு அக்கா. நாளைக்கு ஊரே அக்காவா வரும்."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "சாக்கடையில கொட்டுடா. சும்மா குடுத்தா நான் விலையைக் குறைச்ச கணக்கு. அவங்களும் குறைப்பாங்க."

"மீன் சாயங்காலச் சந்தை வரைக்கும் தாங்காதுங்க. மச்சான் படுத்த படுக்கையா கிடக்கார். இந்தக் கூடையை வித்தாத்தான் வீட்ல அடுப்பெரியும்."

முதலாளி சாக்கடையைக் கைகாட்டினார். அவன் கொட்டினான்.

சாக்கடையின் வாய் மதிலுக்கு வெளியே இருந்தது. அக்கா அங்கே போய்ச் சாக்கை விரித்து, அடித்துக்கொண்டு வந்த உடைசலை அள்ளி அலசி மீன்மேல் அப்பினாள். மதில் ஓட்டை வழியே அதைப் பார்த்தவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த தட்டை ஓடிப்போய்க் கொட்டினான்.

மேஸ்திரியும் பார்த்துவிட்டார்.

"கொட்டின உடைசல்மேல வெந்நீரை ஊத்து," என்றார் முதலாளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "முடியாதுன்னா கொக்கியை வச்சிட்டுப் போ. மத்த ரெண்டு பேரும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. அதுவும் பேசியாச்சு."

தொட்டி கழுவ வைத்திருந்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு சாக்கடையோரம் வந்தான்.

"அக்கா... கையை எடுத்துக்கோ!"

மதிலுக்கு அப்பால் சாக்கை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டேன்டா தம்பி," என்றாள் அக்கா. "நீ ஊத்து."

மதிலுக்கு மேலே ஆவி எழுந்தது.