செஃப் சொன்ன நைஸ்

கேக் பெட்டியை அணைத்துக்கொண்டு, இறங்கிய ஹோட்டல் படிகளிலேயே திரும்ப ஏறினாள் அவள். பின்னால் அவள் அண்ணன் மூச்சு வாங்க ஓடிவந்தான். அந்த ஹோட்டலில் பரிமாறுகிற வேலை அவனுக்கு.

“எங்கே போறே? செஃப்தான் சொல்லிட்டாரே.”

“என்ன சொன்னார்? நைஸ்னார். அவ்வளவுதானே?”

“அதான், கதை முடிஞ்சுது. இந்த வாரம் ஐஸ்கிரீம்காரருக்கும் நைஸ், பிஸ்கட் அம்மாவுக்கும் நைஸ். ஒருத்தரையும் திரும்பக் கூப்பிடல.”

அவள் நிற்கவில்லை. ஹோட்டலுக்குத் தினமும் கேக் கொடுக்கும் இந்த ஆர்டர் கிடைத்தால் சொந்தமாக ஒரு கேக் கடை. கிடைக்காவிட்டால் பழையபடி மாமாவின் செருப்புக் கடையில் கல்லா. மாமா இப்போதே நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டாராம்.

செஃப்பின் அறைக் கதவைத் தள்ளினாள். பக்கத்துச் சமையலறையிலிருந்து பால் தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. யாருக்கோ இன்றைக்குச் செம திட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். செஃப் என்னவோ சாவகாசமாகக் கத்தி துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், நைஸ்னா நான் எதை மாத்துறது? கல்யாண போட்டோவுக்கும் நைஸ்ங்கிறாங்க, பக்கத்து வீட்டு இரும்பு கேட்டுக்கும் நைஸ்ங்கிறாங்க. என் கேக்குக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அண்ணன் இவள் யாரோ என்பதுபோல் கூரையைப் பார்த்தான்.

செஃப் கத்தியைக் கீழே வைத்தார். “சரிம்மா. நீயே சாப்பிட்டுச் சொல்லு.”

ஒரு துண்டு வாயில் போட்டாள். பிரமாதம் என்று புளுகிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

“நடுவுல பஞ்சு மாதிரி இருக்கு. ஓரம் வறண்டுபோச்சு. எலுமிச்சை தூக்கல், மூணாவது வாய்க்குப் பல் கூசும்.”

“போச்சு,” என்று முணுமுணுத்தான் அண்ணன்.

“ஓரத்தைச் சரிபண்ணு, எலுமிச்சையைக் குறை,” என்றார் செஃப். “திங்கட்கிழமையிலேர்ந்து தினமும் அனுப்பு. தன் கேக்கையே இப்படிக் கிழிக்கிறவளை நம்பலாம்.”

அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“இதை நீங்களே சொல்லியிருக்கலாமே சார்?”

செஃப் எழுந்துவந்து கதவைச் சாத்தினார். குரல் பாதியாக இறங்கியது.

“வெளியே மூச்சு விடாதீங்க. போன வாரம் பிடிச்ச சளி. வாசனை, ருசி எதுவுமே தெரியல எனக்கு.”

“சார், அப்போ அந்தப் பால்...”

“எந்தப் பால்?”