பல் டாக்டர் நடத்திய போர்

பல் டாக்டருக்கு 'கேப்டன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. பத்தொன்பது வயதில், காலாட்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவனுக்கு ஊசி போடச் சட்டைக் கையை மடித்தார்கள். மடித்ததற்கே இவர் மயங்கி விழுந்தார். கண் விழித்தபோது ஓர் அதிகாரி, "தம்பி, நீங்க வீட்டுக்குப் போய் நல்லாப் படிங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தார். இவரும் நல்லாப் படித்து, ஊருக்கே ஊசி போடும் தொழிலுக்கு வந்துசேர்ந்தார்.

இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மயக்கத்தை மட்டும் 'சின்ன மருத்துவக் காரணம்' என்று சுருக்கிவிடுவார். கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் தங்கைதான் விட்டதை நிரப்புவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பழைய சாமான் கடையில் நாற்காலி பார்க்கப் போனவர் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பினார். உள்ளே ஒரு காலாட்படைச் சிப்பாயின் போர்க்காலம் மொத்தமும் இருந்தது: வெளுத்த நாடாவில் நான்கு பதக்கங்கள், ஒரு சவரக் கத்தி, ஒற்றைக் கம்பளிக் காலுறை, நசுங்கிய தகர டப்பா, சட்டைப்பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு. பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் பெயரும் படை எண்ணும் பொறித்திருந்தன.

டாக்டர் முதல் வேலையாக, பல்லைப் பளபளப்பாக்கும் பசையைப் பதக்கங்களில் தடவி ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். பதக்கத்தைத் தேய்ப்பது மகாபாவம் என்று சேகரிப்பவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்பது, தேய்த்து முடித்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. நான்கும் புத்தம் புதுக் கரண்டி மாதிரி மின்னின. எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, நோயாளி படுக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்.

அன்று தொடங்கியது போர். டப்பாவின் நசுங்கலைக் காட்டி, "நெஞ்சுக்கு வந்த குண்டு! டப்பா தடுத்திருச்சு!" என்பார். குறிப்பேட்டில் இடப்பக்கம் ஓரெழுத்து, ஈரெழுத்துகளும் வலப்பக்கம் எண்களும் இருந்தன. சில வரிகள் அடிக்கப்பட்டு, அங்கிருந்து வேறு வரிக்கு அம்புக்குறி போயிருந்தது. டாக்டர் கணக்கில், எண்கள் என்றால் பீரங்கித் தூரம், அடித்தது என்றால் அழித்த இலக்கு, அம்பு என்றால் படை முன்னேறிய திசை. யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. மறுப்பதற்கு அவர்கள் வாய் காலியாக இருந்தால்தானே? ஆறு வருஷமாக அவர் கதை கேட்ட அத்தனை பேரின் வாயிலும் பஞ்சு இருந்தது. அந்த அமைதியை அவர் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் கடைவாய்ப்பல் வலியோடு வந்தார். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சைத் திணித்து, எச்சில் இழுக்கும் குழாயை மாட்டிவிட்டு, குடைந்துகொண்டே ஆரம்பித்தார். சிப்பாயின் பெயரையும் எண்ணையும் கணீரென்று ஒப்பித்தார்.

அம்மாளின் கண் அகல விரிந்தது. "ம்ம்ம்!" என்றார்.

"ஆமாம்மா, பெரிய வீரர்" என்றார் டாக்டர்.

"ம்ஹூம்! ம்ம்ம்!"

"வலிக்குதா? இருங்க, இன்னொண்ணு போட்டுடறேன்."

போட்டார். குண்டும் டப்பாவும் வந்தபோது அம்மாள் நாற்காலியின் கையை ஓங்கித் தட்டினார். "கொஞ்சம் பொறுங்கம்மா, கிட்டத்தட்ட முடிஞ்சுது" என்று டாக்டர் பீரங்கித் தூரத்துக்குத் தாவினார். அம்மாள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, குழாயையும் பஞ்சையும் பிடுங்கிப் போட்டார்.

"அது எங்க அஃபா" என்றார்.

"உதடு மரத்திருக்கு. மெதுவாப் பேசுங்க."

"அஃபா! என்னைப் பெத்த அஃபா!"

டாக்டரின் கையில் குடையும் கருவி சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அம்மாள் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் வெளியூரில் வேலையில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். வீட்டைக் காலி செய்த தம்பி, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் விற்றுவிட்டான்.

"அந்த டப்பா... குண்டெல்லாம் இல்ல டாக்டர். சுத்தியல் கிடைக்காம எந் தம்பி அதை வச்சு ஆணி அடிச்சான். அதுக்கு அப்பாகிட்ட அடியும் வாங்கினான்."

டாக்டர் தலையாட்டினார். அந்தக் குண்டைத் தினமும் மூன்று பேர் வீதம் எத்தனை பேர் மேல் சுட்டிருக்கிறோம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அதை அடக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தக் குறிப்பேடு?"

"பூட்ஸ் அளவு."

"பூட்ஸா?"

"வண்டியில மூட்டையா வந்து இறங்குமாம். எட்டு போடறவனுக்கு ஏழு, ஏழு போடறவனுக்கு ஒன்பது. கால் புண்ணாகிப் பாதிப்பேரு நடக்கவே முடியல. அப்பாதான் ஒவ்வொருத்தர் பேரோட முதல் எழுத்தையும் அளவையும் எழுதி வச்சு, மாத்தி மாத்திக் கொடுத்திருக்கார்."

"அப்ப, கோடு போட்டது?"

அம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"அந்தக் கால் அதுக்கப்புறம் நடக்கல. அம்பு போட்டிருக்கே, அது அந்த பூட்ஸ் யாருக்குப் போச்சுங்கறதுக்கு. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்."

டாக்டருக்குக் காது மடல்வரை சூடேறியது. போன வாரம்கூட ஒரு வங்கி மேனேஜரிடம், அடித்த வரிகளை விரல்விட்டு எண்ணிக்காட்டி, "பதினொண்ணு! ஒரே ஆள்!" என்று பெருமையடித்திருந்தார். அந்த மேனேஜரைத் தேடிப்போய் என்ன சொல்வது?

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி இறக்கினார். "எல்லாமே உங்களோடதும்மா. எடுத்துக்குங்க."

"குறிப்பேடு போதும். பதக்கம் தபால்ல வந்துச்சு, அப்பா உறையைப் பிரிக்கவே இல்ல. எங்க அம்மாதான் பிரிச்சாங்க." அம்மாள் சட்டத்தைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு பளபளப்பா இருந்ததே இல்லையே."

"அதைப் பத்தி மட்டும் கேக்காதீங்கம்மா" என்றார் டாக்டர்.

அம்மாள் சிரித்தார், மரத்த உதடு ஒரு பக்கம்தான் சிரித்தது. "முதல்ல பல்லை அடைங்க, டாக்டர். பாதியில நிக்குது."

டாக்டர் அடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, உள்ள எல்லாம் நல்லா இருக்கில்ல? சத்தத்தையே காணோம்?"

"நீ போ" என்றார்.

முடிந்ததும் அம்மாள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே எழுத்து எதுவும் இல்லாமல் ஆறு என்ற எண் மட்டும் இருந்தது. அதைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம். டாக்டரின் கதையில் அது எதிரியின் தலைமையகம்.

"இது யாரோட அளவா இருக்கும்?" என்றார் அம்மாள்.

"தெரியலம்மா" என்றார் டாக்டர். அந்த அறையில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் தெரியல. ஆறுன்னா ரொம்பச் சின்னக் காலு."

இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே அடுத்த நோயாளி இருமினார்.